விலையுயர்ந்த கடிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

எண்ணெய் வற்றிப்போன பிறகும் மெக்கானிக்கல் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நேரம் ஓரளவு சரியாகக் காட்டுகிறதே, எதற்கு வீண் செலவு என்று பத்துப் பதினைந்து வருடம் அப்படியே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒருநாள் அது நின்றுவிடும். அதன் பிறகு அவசர அவசரமாக ஒரு கடையைத் தேடிப் போவோம். அந்த அவசரத்தில்தான் நல்ல கடிகாரங்கள் கெட்டுப்போகின்றன.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் யாரிடம் கொடுப்பது என்பதில் பாதி தெளிவு வந்துவிடும். இன்றைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் பலவற்றில் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 28,800 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 6,91,200 துடிப்பு. ஒரு வருடத்தில் 25 கோடிக்கும் மேல். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அது சுழல்வது செயற்கை மாணிக்கக் கல்லில் துளைத்த ஒரு குழியில். கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் கெட்டியாகும், பரவும், காயும். பிறகு எஃகு தேயும். தேய்ந்த பொடி மிச்ச எண்ணெயோடு கலந்து கருஞ்சேறாகி இன்னும் வேகமாகத் தேய்க்கும். சரியான காலத்தில் கொடுத்திருந்தால் சுத்தம் செய்து எண்ணெய் இட்டதோடு முடிந்திருக்கும் வேலை, தாமதத்தால் சக்கரங்களையே மாற்றும் வேலையாகிவிடும்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பது? ரோலெக்ஸ் சுமார் பத்து வருடம் என்கிறது, மாடலையும் பயன்பாட்டையும் பொறுத்து. ஒமேகா ஐந்து முதல் எட்டு வருடம் என்கிறது. வியர்வையும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், மெஷினுக்கு எப்படியோ, தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களையாவது இதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது.

இனி ஆளைத் தேடும் வேலை. கைத்திறமை ஒன்று, உதிரிபாகம் இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன. முப்பது வருட அனுபவம் உள்ள அருமையான கைக்காரர் இருப்பார். உங்கள் கடிகாரத்துக்கு வேண்டிய ஒரு சின்னச் சக்கரம் அவருக்குக் கிடைக்காது. கம்பெனி அதை வெளியில் விற்பதில்லை என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் இது பெரிய வழக்காகவே நடந்தது. கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுவிஸ் கம்பெனிகள் தங்களுக்கு உதிரிபாகம் தர மறுக்கின்றன என்று 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் 2008-இல் நிராகரித்தது. 2010-இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. மறுபடி விசாரித்த ஆணையம் 2014-இல் மீண்டும் நிராகரித்தது. 2017-இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தங்கள் தரத்துக்கு உட்பட்ட பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டுமே பாகம் கொடுப்போம் என்ற கம்பெனிகளின் நிலை அப்படியே நின்றது. சுதந்திரமாகத் தொழில் செய்யும் நல்ல கலைஞர்களுக்கு இது அநீதி என்பதே என் கருத்து. ஆனால் கடிகாரம் வைத்திருப்பவர் நிலவரத்தைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே கடையைத் தேடும் முன் உங்கள் கடிகாரத்துக்குள் எந்த மெஷின் இருக்கிறது என்று பாருங்கள். பிராண்டின் பெயர் ஒன்று, உள்ளே ஓடும் மெஷினை உருவாக்கியவர் வேறொருவர் என்பது சுவிஸ் கடிகாரத் தொழிலில் சகஜம். ஈ.டி.ஏ. 2824 என்ற மெஷினும், அதை அச்சாக ஒத்த செலிட்டா எஸ்.டபிள்யூ. 200-உம் எத்தனையோ பிராண்டுகளில் ஓடுகின்றன. டாக் ஹாயரின் ‘காலிபர் 5’, ஓரிஸின் பல மாடல்கள் இந்த வகைதான். இவற்றைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள் உலகெங்கும் உண்டு. பாகங்களும் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும். திறமையான தனி வாட்ச்மேக்கரிடம் தயங்காமல் கொடுக்கலாம். ரோலெக்ஸ், படெக் பிலிப் போன்றவர்கள் தங்கள் மெஷினைத் தாங்களே செய்கிறார்கள். அதற்கான பாகம் வெளியே வருவது அரிது. ஒமேகாவின் கோ-ஆக்ஸியல் மெஷின் இன்னும் தனி ரகம். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த அந்த அமைப்பு 1999-இல் ஒமேகாவில் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் இடும் இடம், அளவு எல்லாமே அதில் வேறு. அதற்கெனப் பயிற்சி பெறாதவர் கை வைக்கக்கூடாது.

குவார்ட்ஸ் கடிகாரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட ராடோ பலவும் பேட்டரியில் ஓடுபவைதான். பேட்டரி தீர்ந்த கடிகாரத்தை அலமாரியில் வருடக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். கசிந்த பேட்டரி சர்க்யூட்டைத் தின்றுவிடும். பேட்டரி மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றி, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து தரும் இடத்தில் கொடுங்கள். பேருந்து நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் பேட்டரி மாற்றித் தருபவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் அந்தச் சோதனைக் கருவி அவரிடம் இருக்காது.

கொடுக்க மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டர். செலவு அதிகம், நாளும் அதிகம். அசல் பாகம், எழுத்தில் உத்தரவாதம் இரண்டும் அங்கே உறுதி. ரோலெக்ஸ் முழு சர்வீஸுக்கு இரண்டு வருட உத்தரவாதம் தருகிறது. புதிய கடிகாரம், தண்ணீரில் பயன்படுத்தும் கடிகாரம், கம்பெனியே செய்த மெஷின் உள்ள கடிகாரம் ஆகியவற்றுக்கு இதுவே சரியான இடம். வாரன்ட்டி முடியாத கடிகாரத்தை வேறெங்கும் திறக்கவே கூடாது.

இரண்டாவது, விற்பனை செய்த டீலர். இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: “வேலை இங்கேயே நடக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறீர்களா?” விற்க அங்கீகாரம் பெற்றவர் எல்லாரும் பழுதுபார்க்க அங்கீகாரம் பெற்றவர் அல்லர். பல ஷோரூம்கள் வாங்கிவைத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் வேலை மட்டுமே செய்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் உங்கள் கடிகாரம் எந்த ஊரில், யார் மேஜையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிராண்டின் சொந்த இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் இடங்களின் பட்டியல் இருக்கும். கடைப் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தனியாகத் தொழில் செய்யும் வாட்ச்மேக்கர். பழைய கடிகாரத்துக்கும், ஈ.டி.ஏ. போன்ற பொது மெஷின்களுக்கும் நல்ல தனி வாட்ச்மேக்கரைவிடச் சிறந்தவர் இல்லை என்றே சொல்வேன். அவர் உங்களோடு நேரில் பேசுவார். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று கேட்டுச் செய்வார். ஆனால் அவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

படிப்பு, பயிற்சி பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் 1966-இல் தொடங்கிய வாஸ்டெப் என்ற பயிற்சி அமைப்பின் சான்றிதழுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. பிரிட்டனில் 1858-இல் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் ஹோரோலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட் தேர்வு நடத்துகிறது. அமெரிக்காவில் கடிகாரக் கலைஞர்களின் சங்கம் ‘சி.டபிள்யூ. 21’ என்ற சான்றிதழ் தருகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் பெயர்களை வைத்தே தேடலாம். நம் ஊரில் இத்தகைய சான்றிதழ் உள்ளவர் கிடைப்பது அபூர்வம். இங்கே கேட்க வேண்டியது வேறு: எந்தத் தொழிற்சாலையில், எந்த பிராண்டின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தீர்கள்? 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யும், டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984-இல் தொடங்கி ஓசூரில் தொழிற்சாலை அமைத்த டைட்டனும் நம் பக்கத்திலேயே இருந்த பெரிய தொழிற்சாலைகள். அப்படி ஒரு பட்டறையில் ஒழுங்காகப் பயின்றவர், அல்லது சுவிஸ் பிராண்டின் சர்வீஸ் பிரிவிலிருந்து வெளியே வந்தவர், சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை தெரிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதைவிட நம்பகமான சோதனை, உங்கள் கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் என்ன செய்கிறார் என்பது. “தினமும் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுதுங்க” என்று சொல்கிறீர்கள். உடனே “சர்வீஸ் பண்ணணும் சார்” என்று விலை சொல்பவரைவிட, முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பவரை நம்பலாம். கைப்பையின் காந்தக் கொக்கி, ஸ்பீக்கர், டேப்லெட் உறை ஆகியவற்றால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகம் பிடிப்பது அன்றாடம் நடப்பது. காந்தம் நீக்குவது சில நொடி வேலை. அதைச் செய்துவிட்டு “வேறொன்றும் இல்லை, கட்டிக்கொண்டு போங்கள்” என்று அனுப்புபவர் கிடைத்தால் அவர் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டைம்கிராஃபர் என்ற கருவி. கடிகாரத்தை ஒரு மைக்ரோபோன் தாங்கியில் வைத்து அதன் துடிப்பைக் கேட்டு மூன்று எண்களைத் திரையில் காட்டும். ஒன்று, நாளைக்கு எத்தனை விநாடி கூடுகிறது அல்லது குறைகிறது என்பது. இரண்டாவது ஆம்ப்ளிடியூட், பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்ற அளவு. முழுச் சாவி கொடுத்து டயல் மேல்பக்கமாக வைத்தால் பல நவீன மெஷின்களில் இது 270 முதல் 310 டிகிரிக்குள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது என்று பொருள். மூன்றாவது பீட் எரர், ‘டிக்’குக்கும் ‘டக்’குக்கும் உள்ள இடைவெளி வேறுபாடு, நன்றாகச் சரிசெய்த மெஷினில் அது ஒரு மில்லிவிநாடிக்குள் அடங்கும். இந்தக் கருவி இல்லாதவரிடம் விலையுயர்ந்த கடிகாரத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. ஆம்ப்ளிடியூட் சரியாக வர, ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற அளவை ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாகக் கருவியில் பதிய வேண்டும். ஈ.டி.ஏ. 2824-க்கு 50 டிகிரி. ரோலெக்ஸ் 3135-க்கு 52. ஒமேகா கோ-ஆக்ஸியலுக்கு 38. “இதுக்கு லிஃப்ட் ஆங்கிள் எவ்வளவு வைப்பீங்கண்ணே?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் உடனே சொல்வார், அல்லது அட்டவணையை எடுத்துப் பார்த்துச் சொல்வார். இரண்டுமே நல்ல பதில்தான். கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் என்ற சொல்லுக்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முழு சர்வீஸ் என்றால் மெஷினைக் கடைசித் திருகு வரை பிரிப்பது, அல்ட்ராசோனிக் கருவியில் கழுவுவது, ஒவ்வொரு அச்சையும் பெரிதாக்கிப் பார்ப்பது, மெயின் ஸ்பிரிங்கையும் ரப்பர் வளையங்களையும் மாற்றுவது, இடத்துக்கு ஏற்ற எண்ணெய் இடுவது, மறுபடி பூட்டி வெவ்வேறு நிலைகளில் வைத்து வேகத்தைச் சரிசெய்வது, கேஸை மூடியபின் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்வது. எண்ணெயிலேயே பல வகை உண்டு. வேகமாகச் சுழலும் பேலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகப் பாரம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியான எண்ணெய், சாவிப் பகுதிக்கு கிரீஸ். ஒரே ஒரு குப்பியை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதையே தொட்டு வைப்பவர் செய்வது சர்வீஸ் இல்லை. மெஷினைப் பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் விடும் வழக்கமும் இருக்கிறது. அது கடிகாரத்தைச் சில மாதம் ஓடவைக்கும், அழுக்கைக் கல்லுக்குள் தள்ளிவிடும். ‘ஒரு மணி நேரத்தில் சர்வீஸ்’ என்று யாராவது சொன்னால் இதுதான் நடக்கப்போகிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

அவர் மேஜையையும் ஒரு பார்வை பாருங்கள். மின்விசிறிக் காற்றுக்கு நேராக, தூசி படியத் திறந்து கிடக்கும் மெஷின்கள் நல்ல அறிகுறி இல்லை. பிரித்த பாகங்களைக் கண்ணாடி மூடியின் கீழ் வைத்திருக்கிறாரா, விரலுக்கு உறை போட்டிருக்கிறாரா, பின்மூடியைத் திறக்க அந்தக் கடிகாரத்துக்குரிய கருவி இருக்கிறதா என்று கவனியுங்கள். ரோலெக்ஸின் பின்மூடி விளிம்பில் பல் பல்லாக இருக்கும். அதற்குப் பொருத்தமான சாவி இல்லாமல் திறந்தால் கீறல் நிச்சயம்.

இனி, அவர் செய்யக்கூடாதவை. இதில் நம் நாட்டில் இழந்தது மிக அதிகம். அப்பாவோ தாத்தாவோ கட்டிய பழைய ஒமேகா, ஃபேவர் லூபா போன்றவற்றின் டயல் மங்கியிருக்கும். “புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்று சொல்லி டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்துவிடுவார்கள். எழுத்து தடித்துப்போகும், கோடுகள் கோணலாகும். அசல் டயல் போனால் திரும்பி வராது; பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் அதைக் கண்ட உடனே விலக்கிவிடுவார்கள். பாலிஷும் அப்படித்தான். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் போகிறது, கேஸின் கூர்மையான விளிம்புகள் உருண்டுபோகின்றன. பிராண்டின் சர்வீஸ் சென்டர்களிலும் பழைய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது உண்டு. ஆகவே எங்கே கொடுத்தாலும் ‘பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்களையும் தொடக்கூடாது’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வேலை செய்பவர் காதுக்குப் போய்ச் சேராது.

மிகப் பழைய கடிகாரங்களில் இன்னொரு எச்சரிக்கை. 1960-களுக்கு முந்தைய டயல்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் வீட்டில் நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள். கொடுக்கும்போது வாட்ச்மேக்கரிடமும் சொல்லிவிடுங்கள். உதிர்ந்த பொடியை அவர் மூச்சில் இழுக்கக்கூடாது.

ஒப்படைக்கும் முன் கடிகாரத்தை நாலாபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மாடல், சீரியல் எண், செயினில் எத்தனை கண்ணிகள், இருக்கும் கீறல்கள் எல்லாம் எழுதப்பட வேண்டும். திறந்து பார்த்த பிறகு மதிப்பீடு சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கிய பின்பே வேலை தொடங்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாகம் அசலா, பொதுவாகச் செய்யப்பட்ட மாற்றா என்பதையும் எழுதி வாங்குங்கள். நல்ல வாட்ச்மேக்கருக்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. கடிகாரத்தின் மீது உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று தெரிந்தால் அவரும் மனம்விட்டுப் பேசுவார்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்படி நேர்ந்தால் தோல் பட்டையைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். முதலைத் தோல் பட்டைகள் அழிவுக்குள்ளாகும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. அனுமதித் தாள் இல்லாமல் போனால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்களே கையில் கட்டிக்கொண்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ சர்வீஸ் செய்யப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது புதிதாக வாங்கியது இல்லை என்று காட்ட அந்தத் தாள் உதவும்.

கடிகாரம் திரும்பி வந்ததும் கடையிலேயே டைம்கிராஃபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தின் கோஸ்க் அமைப்பு மெஷினைப் பதினைந்து நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதித்து, சராசரியாக நாளைக்கு 4 விநாடி குறைவு முதல் 6 விநாடி அதிகம் வரை இருந்தால்தான் குரோனோமீட்டர் சான்று தருகிறது. முப்பது வருடப் பழைய கடிகாரத்திடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். சர்வீஸுக்கு முன்பு இருந்ததைவிட ஆம்ப்ளிடியூட் தெளிவாக ஏறியிருக்க வேண்டும் என்பதே முக்கியம். டயல் மேல், டயல் கீழ், சாவி கீழ் என ஒவ்வொரு நிலையிலும் வந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். வீட்டில் இரண்டு வாரம் கட்டிப் பாருங்கள். தேதி நள்ளிரவில் மாறுகிறதா, சாவி தடையில்லாமல் இழுபடுகிறதா, கண்ணாடிக்குள் ஆவி படிகிறதா என்று கவனியுங்கள். குறை இருந்தால் உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோங்கள். தண்ணீர் அழுத்தச் சோதனையை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ரசீதையும் எண்கள் எழுதிய தாளையும் கடிகாரப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை கடிகாரத்தைத் திறக்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.